வாத்தா, கண்ணாடியா, ஆடா: வீட்டில் கட்ட ஏற்ற பாய்ப்படகு எது?

படகின் உடல் எளிதாக இருந்தால் வேலையும் எளிதாக இருக்கும் என்று நம்பித்தான் முதல் படகைக் கட்டினேன். ‘பட்ல் டக் ரேசர்’ என்று பெயர். குட்டைத் தண்ணீரில் மிதக்கும் வாத்து என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று சனி, ஞாயிறுகளில் பெட்டி தயார். மொட்டை மாடியில் அதற்குள் உட்கார்ந்து காபி குடித்தோம். ஆனால் அது தண்ணீரில் இறங்கியது அதற்கும் ஐந்து மாதம் கழித்துத்தான். பாய்மரத்தைச் செதுக்கியது, சுக்கானுக்குக் கீல் பொருத்தியது, படகு பக்கவாட்டில் நழுவாமல் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகையை இழைத்தது, பாய் தைத்தது, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வண்ணம் அடித்தது என்று அந்த ஐந்து மாதமும் கரைந்தது.

இரண்டாவது படகுக்கு வரைபடம் தேடும்போது இந்தக் கணக்கு மனதில் இருந்தது. எளிய சிறு பாய்ப்படகு எதை எடுத்தாலும் உடலைக் கட்டுவது மொத்த வேலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மிச்சமுள்ள வேலை எல்லாப் படகுக்கும் ஏறத்தாழ ஒன்றே. அப்படியானால் உடலில் மிச்சம் பிடித்து என்ன லாபம்? நான்கு வடிவமைப்புகளை இந்தக் கேள்வியோடுதான் ஒப்பிட்டேன்.

முதலில் ஒதுக்கியது ஆப்டிமிஸ்ட். 1947இல் ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டர் நகரில் கிளார்க் மில்ஸ் குழந்தைகளுக்காக வரைந்தது. நீளம் 2.36 மீட்டர், எடை 35 கிலோ. முதல் படகு எட்டுக்கு நான்கு அடி ஒட்டுப்பலகை இரண்டே தகடுகளில் அடங்கியது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது. எனக்கு முழங்காலை வைக்க இடமில்லை. அவ்வளவுதான்.

வாத்துக்கு வருவோம். இது 2003 வாக்கில் அமெரிக்காவில் ஷார்ட்டி ரௌத் தொடங்கிவைத்த பந்தய வகுப்பு. எட்டு அடி நீளம், நான்கு அடி அகலம். உடலின் கீழ்ப்பகுதி பத்து அங்குலம் எல்லாருக்கும் ஒரே வடிவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பாயின் அளவுக்கும் வகைக்கும் கட்டுப்பாடு இல்லை. நான் தார்ப்பாயை வெட்டி, இரட்டை ஒட்டு நாடா போட்டு, ஓரங்களை மடித்துத் தைத்தேன். காற்று பின்னாலிருந்து வந்தால் அழகாக ஓடும். எதிர்க்காற்றில் குறுக்கும் நெடுக்குமாக ஏறும்போது சிற்றலை ஒவ்வொன்றும் தட்டையான முகத்தில் அறையும். படகு நின்று, யோசித்து, மறுபடி கிளம்பும். கற்றுக்கொள்ள நல்ல பெட்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஐந்து மாத உழைப்பைக் கொட்டிய பிறகு இன்னும் ஏழு அடி நீளம் கூடுதலாக இருந்திருக்கலாமே என்ற ஏக்கம் போகவில்லை.

மிரர், அதாவது தலைப்பில் சொன்ன கண்ணாடி, பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பிரிட்டனின் ‘டெய்லி மிரர்’ நாளிதழ் முன்னின்று கொண்டுவந்த படகு இது. பாயின் சிவப்பு அந்த நாளிதழின் நிறம். 1960களின் தொடக்கத்தில் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டு வேலைகளைத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொடுத்துப் புகழ்பெற்றிருந்த பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கினார்கள். படகு கட்டும் தொழில் தெரியாத குடும்பம் கார் ஷெட்டில் கட்டி முடிக்க வேண்டும் என்பதே நோக்கம். 70,000க்கும் மேற்பட்ட மிரர்கள் கட்டப்பட்டிருக்கின்றன.

அவர்கள் கையாண்ட முறைதான் முக்கியம். வெட்டிய பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, முறுக்கி இறுக்க வேண்டும். அப்போதே படகு வடிவத்துக்கு வந்துவிடும். பிறகு உள்மூலைகளில் கண்ணாடியிழை நாடாவும் பிசினும் பூசினால் முடிந்தது. கம்பி போனாலும் கவலையில்லை. இதை எங்கள் தெரு ஆசாரியிடம் காட்டினேன். இரண்டு பலகைத் துண்டுகளை வாங்கிக் கம்பியை முறுக்கிப் பார்த்துவிட்டு, “ஆணியே கிடையாதா சார்?” என்று கேட்டார். சோழமண்டலக் கரையில் அலையைத் தாண்ட ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் ஓடின. சென்னைக்குத் துறைமுகம் வருமுன் கப்பல் பயணிகள் அவற்றில்தான் கரையேறினார்கள். அங்கே கயிறுதான் கடைசிவரை படகைப் பிடித்துக்கொள்ளும். மிரரில் பிசின் இறுகியதும் கம்பியின் வேலை தீர்ந்துவிடும்.

நீளம் 3.3 மீட்டர், உடல் எடை 45.5 கிலோ. இரண்டு பாய்கள். பாய்மரம் குட்டை, பாயோடு சேர்ந்து மேலே ஏறும் கம்பு ஒன்று அதன் உச்சியைத் தாண்டி நீண்டு நிற்கும். கழற்றினால் எல்லாக் கம்புகளும் படகுக்குள்ளேயே அடங்கிவிடும். மாடியில் கட்டுகிறவனுக்கு இந்த ஒரு வசதி பொன்னுக்குச் சமம். உடலிலேயே காற்றறைகள் இருப்பதால் கவிழ்ந்தாலும் மிதக்கும். ஒருவர் இங்கிலாந்திலிருந்து ஆறுகளும் கால்வாய்களும் வழியாகக் கருங்கடல் வரை இதில் போயிருக்கிறார்.

பின் ஏன் தயங்கினேன்? மிரர் அதன் இயல்பிலேயே கிட்டாக வாங்கிக் கட்டும் படகு. பலகைகளை வெட்டி, பெட்டியில் அடைத்து, கடல் கடந்து வரவழைத்தால் சுங்கமும் சரக்குக் கட்டணமும் சேர்ந்து, மூல நோக்கமான மலிவு காணாமல் போய்விடுகிறது. தவிர, பாய்மரத்தை நிறுத்தத் துருப்பிடிக்காத கம்பிகள், அவற்றுக்குத் தகடுகள், கொக்கிகள், முன்பாய்க்குத் தனிக் கயிறுகள் என்று சில்லறைப் பொருள்களின் பட்டியல் நீளம். மகளையோ மகனையோ முன்பாயைப் பிடிக்க உட்கார வைத்துப் பழக்க நினைப்பவர்கள் இதையெல்லாம் பொருட்படுத்த வேண்டாம், அவர்களுக்கு மிரர்தான். நான் பெரும்பாலும் தனியாகப் போகிறவன்.

கோட் ஐலண்ட் ஸ்கிஃப், சுருக்கமாக ஆடு, ஆஸ்திரேலியர் மைக்கேல் ஸ்டோரர் வரைந்தது. 4.74 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், தட்டையான அடி, பக்கத்துக்கு ஒரே பலகை. வாத்தைக் கட்டியவனுக்கு இதில் புதிதாகக் கற்க அதிகமில்லை. பெட்டியின் இரு முனைகளையும் அழகாகக் குறுக்கினால் ஆட்டின் உடல் வந்துவிடும். உடல் எடை 58 கிலோ அளவுதான் என்கிறார்கள். கம்பிகளே இல்லாத ஒற்றைப் பாய்மரம், அதில் 9.75 சதுர மீட்டர் பாய் ஒன்றே ஒன்று. பாயின் மேல்விளிம்பைத் தாங்கும் கம்பான பருமல், பாய்மரத்துக்குக் குறுக்காகத் தொங்கும். பாயின் ஒரு சிறு பகுதி மரத்துக்கு முன்னால் நிற்கும். இந்த வகைப் பாயின் உயிர், அதன் கீழ்க்கம்பைக் கீழே இழுத்துக் கட்டும் கயிறு. அது தளர்ந்தால் பாயில் மூலைவிட்டமாக மடிப்பு விழுந்து, படகு சோம்பிப் போகும். என் வாத்திலும் இதே பாய்தான். இரண்டு மாதம் வடிவமைப்பைத் திட்டினேன். கயிற்றுக்கு ஒரு கப்பி கூடுதலாகப் போட்டு வலுவாக இழுத்த அன்று வேறு படகாகிவிட்டது.

குறையும் உண்டு. திறந்த படகு, கவிழ்ந்து நிமிர்ந்தால் உள்ளே நிறையத் தண்ணீர் இருக்கும், வாளியால் இறைக்க வேண்டும். காற்று கூடினால் இலேசான உடலும் பெரிய பாயும் தனியாளைத் திணறடிக்கும். முன்கூட்டியே பாயைச் சுருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்கேம்ப் என்ற நான்காவது படகு இதற்கு நேர் எதிர் குணம். நியூசிலாந்துக்காரர் ஜான் வெல்ஸ்ஃபோர்டு ஓர் அமெரிக்கச் சிறுபடகு இதழுக்காக வரைந்தது. நீளம் 3.63 மீட்டர்தான், ஆனால் அகலம் 1.63. அடியில் ஒரு தொட்டி; அதில் 78 கிலோ தண்ணீரை நிரப்பிக்கொண்டு நிலைத்து நிற்கும். நடுப்பலகையை ஓரமாக, இருக்கைக்கு அடியில் ஒதுக்கியிருப்பதால் தளத்தில் ஆள் படுத்துத் தூங்கலாம். ஹோவர்ட் ரைஸ் 2017இல் தென் அமெரிக்காவின் தெற்கு முனைப் பக்கம் இதைக் கொண்டுபோனார். கரையோரமாக இரண்டு, மூன்று நாள் பயணம் போக ஆசைப்படுகிறவர் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் உடலுக்குள் தடுப்புப் பலகைகள், அறைகள், வளைந்த பக்கப் பலகைகள். என் மூன்றில் ஒரு பங்குக் கணக்கு இங்கே செல்லாது. கட்டி முடித்தால் இருநூறு கிலோவை நெருங்கும். டிரெய்லரும், அதை இழுக்கக் காரும், சரிவான கரையும் வேண்டும்.

இங்கே பலகை விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வரைபடங்களில் போட்டிருக்கும் எடையெல்லாம் ஒக்குமே போன்ற இலேசான மரத்தில் செய்த ஒட்டுப்பலகைக்கு உரியவை. 6 மி.மீ. தகடு ஒன்று எட்டு, ஒன்பது கிலோ இருக்கும். நம் கடைகளில் ஐஎஸ் 710 முத்திரையோடு கிடைக்கும் மெரைன் பிளைவுட் பெரும்பாலும் குர்ஜன் மரம். அதே தகடு பன்னிரண்டு கிலோவைத் தாண்டும். தரமான பலகைதான், ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டுப் பார்த்தேன், பிரியவில்லை. ஆனால் ஆட்டுக்கு ஏழு தகடு என்று வைத்தால், கழிவு போகவே இருபது கிலோ ஏறிவிடும். அதன் அழகே எடையின்மைதான். ஸ்கேம்ப்புக்கு இது பொருட்டே அல்ல. அது தானாகவே தண்ணீரைச் சுமந்து திரிகிற படகு. நம் ஊர்ப் பலகையில் கட்டும்போது நான்கில் அதிகம் நஷ்டப்படுவது ஆடு, கவலையே படாதது ஸ்கேம்ப்.

பலகைகளை ஒட்டும் எபாக்ஸிப் பிசினும் அப்படித்தான். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பை நம்பி, மே மாத மதியத்தில் அரை லிட்டரை ஒரே பிளாஸ்டிக் குவளையில் கலக்கினேன். ஐந்து நிமிடத்தில் புகைந்தது. குவளையின் அடி உருகித் தரையில் ஒட்டிக்கொண்டது. இப்போது அதிகாலையில், தட்டையான தட்டில், கொஞ்சம் கொஞ்சமாக.

முடிவெடுக்குமுன் ஆட்டின் நீளத்துக்குப் பதினைந்தரை அடி மூங்கில் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிப் பார்த்தேன். இரண்டாம் திருப்பத்தில் சுவரில் முட்டி நின்றுவிட்டது. அந்தப் படியில் ஆடு இறங்காது. வாத்தும் மிரரும் பக்கவாட்டில் சாய்த்தால் இறங்கும். படியை மட்டும் பார்த்தால் மிரர்தான் வென்றிருக்கும். ஆனால் செங்கல்பட்டில் மாமியார் வீட்டுக் கார் ஷெட் காலியாகக் கிடக்கிறது, பதினெட்டு அடி நீளம். கூடும் இருபது கிலோவைச் சகித்துக்கொள்வது என்று முடிவு செய்து ஆட்டின் வரைபடத்தை வாங்கிவிட்டேன்.

இந்த முறை வேலையைத் தலைகீழாகத் தொடங்கியிருக்கிறேன். பலகையில் இன்னும் கை வைக்கவில்லை. சுக்கானும் நடுப்பலகையும் முடிந்துவிட்டன, பருமலுக்கு நேரான மூங்கில் ஒன்று காய்ந்துகொண்டிருக்கிறது, பாய்மரத்துக்கு முடிச்சில்லாத பைன் கட்டைகளை ஆசாரி தேடிக்கொண்டிருக்கிறார். தேக்கே போடலாமே என்கிறார் அவர்; அவ்வளவு கனம் உச்சியில் நின்றால் படகு சாய்ந்துவிடும் என்று இன்னும் அவரை நம்ப வைக்க முடியவில்லை.