கையில் ஒட்டும் சுகர் சென்சார்: ஒன்றரை வருடம் பார்த்த அம்மா எழுதுகிறேன்

என் மகளுக்கு இப்போது 13 வயது. 9 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு ஏழு முறை விரலில் குத்திப் பார்ப்போம், விரல் நுனியெல்லாம் கறுப்புப் புள்ளி, பரீட்சை நேரத்தில் பேனா பிடிக்கவே வலிக்கிறது என்பாள். அதனால்தான் சென்சார் வாங்கினோம். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. மெஷினை விட, அது வீட்டுக்குள் வந்ததும் குழந்தையின் மனசுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன், அது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்.

முதலில் மெஷின். பத்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிது. மேல்கையின் பின்பக்கத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உள்ளே தங்குவது ஊசி இல்லை, முடி மாதிரி ஓர் இழை. எங்களுடையது 14 நாள் வரும். அது ரத்தத்தை நேராக அளப்பதில்லை, தோலுக்கு அடியில் இருக்கும் நீரில் உள்ள சர்க்கரையை அளக்கிறது. அதனால் சுகர் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் வீணாகப் பயப்படுவீர்கள்.

நாங்கள் பயந்தோம். இரண்டாவது வாரம், ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அலறுகிறது, சுகர் 58, ரொம்பக் குறைச்சல். அரைத் தூக்கத்தில் எழுப்பி உட்காரவைத்து குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்தேன், அலாரம் நிற்கவில்லை என்று இன்னொரு டம்ளர் வேறு. காலையில் 290, ரொம்பக் கூட. விஷயம் என்னவென்றால் அவள் அந்தக் கையின் மேலேயே படுத்திருந்தாள், அழுத்தம் பட்டால் சென்சார் குறைத்துக் காட்டும். விரலில் ஒரு தடவை குத்திப் பார்த்திருந்தால் போதும். அன்றைக்கு ஸ்கூலுக்குப் போகும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, நல்லது என்ன? நிறைய இருக்கிறது. விரல் ஆறிவிட்டது. விளையாட்டு பீரியடில் சுகர் இறங்குவது அவளுக்கே முன்கூட்டித் தெரிகிறது, போனில் அம்புக்குறி கீழே காட்டினால் இரண்டு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறாள். தோழி வீட்டில் முதல்முறையாக ஒரு ராத்திரி தங்கினாள். அந்த ஒரு ராத்திரிக்காகவே இந்தச் சென்சாருக்குக் கை எடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் இதில் 'ஷேர்' என்று ஒரு வசதி இருக்கிறது, அவள் சுகர் என் போனில் தெரியும். வாங்கும்போது இதுதான் பெரிய வரம் என்று நினைத்தேன். ஆபீசில் உட்கார்ந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பேன். ஒருநாள் காலை 11:20க்கு 246. உடனே கிளாஸ் டீச்சருக்குப் போன். அவர் பாவம், பாடம் நடந்துகொண்டிருந்தபோது அவளை எழுப்பி எல்லார் முன்னாலும் "என்னம்மா சாப்பிட்ட, அம்மா கேக்குறாங்க" என்று கேட்டிருக்கிறார். யாருக்கோ பிறந்தநாள், ஒரு சாக்லேட். மறுநாள் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலு வரை என் போனில் வெறும் கோடு, சிக்னல் இல்லை. சென்சாரைத் தன் போனோடு இணைக்கும் ப்ளூடூத்தை வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறாள்.

கோபமாகத்தான் கேட்டேன். அவள் சொன்னாள், "நான் ஸ்கூல் விட்டு வந்தா முன்னாடி எல்லாம் சாப்பிட்டியா கண்ணுன்னு கேப்ப. இப்ப என்ன சாப்பிட்டன்னு கேக்குற."

இரண்டு கேள்விக்கும் நடுவில் ஒரு சொல்தான் வித்தியாசம். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் அழுதே விட்டேன். வயதுக்கு வரும் பருவத்தில் வளர்ச்சி ஹார்மோன்களால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அதே இட்லி, அதே டோஸ், அதே நேரம், ஆனாலும் சுகர் எகிறும், அதில் பிள்ளை தப்பு எதுவும் இல்லை என்றார். அங்கே இருந்த கவுன்சலர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இவளிடம் மட்டும் தனியாகப் பேசினார். இஸ்பாட் என்ற சர்வதேசக் குழந்தைகள் சர்க்கரை நோய்ச் சங்கமே சிகிச்சைக் குழுவில் மனநல ஆலோசகரும் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் கேளுங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள்.

அப்புறம் நானும் அவளும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டோம். 70க்குக் கீழே போனால் மட்டும் என் போனில் அலாரம் அடிக்கும். மேலே ஏறினால் அவள் பார்த்துக்கொள்வாள், சமாளிக்க முடியாவிட்டால் அவளே கூப்பிடுவாள். சுகரைப் பற்றிய பேச்சு காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை. 'நல்ல சுகர்', 'மோசமான சுகர்' என்ற பேச்சே கிடையாது, 'கூட', 'குறைச்சல்', அவ்வளவுதான். முதல் வாரம் எனக்குக் கை பரபரத்தது, இப்போது பழகிவிட்டது. அவள் ப்ளூடூத்தை அணைப்பதும் நின்றுவிட்டது.

விலையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு சென்சார் நாலாயிரத்துக்கு மேல், மாசத்துக்கு இரண்டு என்றால் எங்களுக்கு முடியாது. ஒருநாள் பஸ் கம்பியில் உரசி நாலாம் நாளே பிய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவள் அதைக் கையில் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "சாரிம்மா, நாலாயிரம் போச்சு" என்றாள். பிள்ளைகள் தங்கள் வியாதிக்கு ஆகும் செலவை மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தயவுசெய்து அவர்கள் காதுபட மருந்து பில்லைப் பற்றிப் பேசாதீர்கள். இப்போது மேலே ஒரு பிளாஸ்திரி சேர்த்து ஒட்டுகிறோம், மாசத்துக்கு ஒரு சென்சார், மீதி நாள் விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர். அந்த மீதி நாட்களை அவள் 'லீவு' என்கிறாள், கையில் எதுவும் ஒட்டாமல் ஸ்லீவ்லெஸ் போட்டுக்கொள்ளலாமாம்.

கல்யாண வீடுகளில் "கையில என்ன ஸ்டிக்கர்? இந்த வயசுலயே சுகரா? ஸ்வீட் நிறைய குடுத்துட்டீங்களோ?" என்று கேட்பார்கள். டைப் 1 ஸ்வீட்டால் வருவதில்லை, உடம்பின் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பதால் வருவது. நான் பதில் சொல்லப் போவேன், அதற்குள் அவளே சொல்லிவிடுகிறாள். சில நாள் சொல்ல விருப்பமில்லை என்றால் முழுக்கை போட்டுக்கொள்கிறாள். இரண்டும் அவள் இஷ்டம்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால், யார் போனில் எது தெரியலாம் என்று அவர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பொதுத்தேர்வு வயதில் இருப்பவர்களுக்கு ஒன்று: சிபிஎஸ்இ 2017லேயே டைப் 1 பிள்ளைகள் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக அனுமதி கொடுத்திருக்கிறது, ஸ்கூலில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

எங்களுக்கு அடுத்த சென்சார் அரைப்பரீட்சை முடிந்ததும். எந்தக் கையில் என்று அவள் இன்னும் சொல்லவில்லை.