பெரிய எழுத்து வேதாகமம்: படுத்திருப்பவர் கையில் எது நிற்கும்?

பக்கம் மாறி வந்து வீணான ஒன்றைத் தவிர, ஆறு மாதத்தில் இரண்டு வாங்கினேன். ஒன்று முழு வேதாகமம், இன்னொன்று புதிய ஏற்பாடும் சங்கீதமும் நீதிமொழிகளும் மட்டும் உள்ளது. இரண்டுமே பெரிய எழுத்து, இரண்டையும் தினமும் எடுக்கிறேன். உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருப்பவர்களுக்கும், அப்படி ஒருவருக்கு வாங்கித் தர நினைப்பவர்களுக்கும் எது உதவும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் என் நிலைமை. மூன்று வருடமாக எனக்கு நிற்காத ரத்தப்போக்கு. மருந்து, மாத்திரை, கஷாயம் எல்லாம் பார்த்து, கடைசியில் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுக்க வேண்டி வந்தது. ஹீமோகுளோபின் 7க்கு இறங்கியிருந்ததால் ரத்தம் ஏற்றிய பிறகுதான் ஆபரேஷனே செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான், மூன்று மாதத்துக்கு வெயிட் தூக்கக் கூடாது, ஒரு குடம் தண்ணீர்கூட. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான், குடம் தூக்காமல் ஒரு நாளும் போகாது. அத்தையும் மகளும் தூக்கினார்கள், நான் ஜன்னல் பக்கம் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தெட்டு வயதில் அத்தை இடுப்பில் குடத்தோடு படியேறுவதைப் பார்ப்பது வயிற்று வலியைவிட அதிகமாக வலித்தது.

இரவில் தூக்கமும் வராது. சினைப்பை எடுத்தால் உடம்பு திடீரென்று சூடேறும், வியர்த்துக் கொட்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், ஆனால் அது இரவு இரண்டு மணிக்கு வரும்போது எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகிற சத்தம், கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் வண்டியின் ஹாரன், அப்புறம் மீன் எடுக்கக் காசிமேட்டுக்குக் கிளம்புகிற பெண்களின் பேச்சு, இதையெல்லாம் கேட்டுக்கொண்டு விடியும்வரை கண் திறந்தே கிடப்பேன்.

என்னிடம் கல்யாணத்துக்குக் கொடுத்த வேதாகமம் இருந்தது. பொடி எழுத்து. கண்ணாடி போட்டாலும் படுத்துக்கொண்டு வாசிக்க முடியவில்லை. போனில் வாசிக்கலாம் என்று பார்த்தால் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, நடுவில் ஏதாவது மெசேஜ் வந்து மனம் வேறு பக்கம் போய்விடுகிறது. அதனால்தான் பெரிய எழுத்தில் ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்து, ஒரு ஆன்லைன் கடையில் ஆர்டர் போட்டோம். வந்த புத்தகத்தில் ஏசாயாவில் பல பக்கங்கள் இரண்டு தடவை இருந்தன, எரேமியாவின் தொடக்கத்தைக் காணோம். பைண்டிங் செய்யும்போது ஒரு கட்டு மாறிப் போயிருக்கும். திருப்பி எடுக்கக் கேட்டால் நாள் கடந்துவிட்டது என்றார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பணம் சின்னப் பணம் இல்லை. அதனால் வேதாகமத்தை நேரில் போய், பக்கங்களைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள். என் கணவர் பிறகு பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் ஒரு சின்னக் கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரர் புத்தகத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் தானே ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல்வரை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாராம்.

அப்படி வந்த முழு வேதாகமத்தைப் பற்றி முதலில். எழுத்து அருமை. தினசரிப் பேப்பர் எழுத்தைவிட நன்றாகவே பெரிது, வரிக்கு வரி இடைவெளியும் இருக்கிறது. தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து லேசாகத் தெரிகிறது, ஆனால் வாசிக்கத் தொந்தரவு இல்லை. தங்க ஓரம் போட்ட பக்கங்கள் புதிதில் ஒட்டிக்கொண்டு வரும், ஒரு வாரத்தில் சரியாகிவிடும். விரல் வைத்துத் திறக்க ஓரத்தில் வெட்டு இருக்கிறது, அது வயதானவர்களுக்குப் பெரிய உதவி, அத்தை யோபுவை ஒரே தடவையில் எடுத்துவிடுகிறார். குறை எடைதான். மகள் அதை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், 1 கிலோ 700 கிராம். வயிற்றில் தையலோடு மல்லாந்து படுத்திருப்பவள் அதை நெஞ்சில் வைத்துப் பிடிக்கவே முடியாது. முதல் நாள் முயற்சி செய்தேன். இரண்டு நிமிடத்தில் கை நடுங்கி, புத்தகம் சரிந்து மூக்குக் கண்ணாடியில் இடித்தது. அன்றைக்கு அழுதுவிட்டேன். வேதத்தைக்கூடத் தூக்க முடியவில்லையே என்று இருந்தது.

மறுவாரம் வந்ததுதான் இரண்டாவது புத்தகம். 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு கையில் நிற்கிறது. நான்கே நாளில் ஓரம் மடங்கிப்போகிற அளவுக்கு அதோடு இருந்தேன். இதில் இயேசு பேசுகிற வார்த்தைகள் சிவப்பு எழுத்தில் இருக்கின்றன. பகலில் பார்க்க அழகு, ஆனால் ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் சிவப்பு மங்கிப்போகிறது. இரவில் வாசிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் முழுக்கக் கறுப்பு எழுத்தில் உள்ளதைக் கேளுங்கள். நாங்கள் ஒரு சின்ன கிளிப் விளக்கு வாங்கிச் சமாளித்தோம்.

இனி உள்ளே இருப்பதைப் பற்றி. நான் எப்படி வாசித்தேன் என்று சொன்னால்தான் ஏன் இந்தப் புத்தகத்தை இவ்வளவு சொல்கிறேன் என்று புரியும். பார்க்க வந்தவர்கள் நிறைய வாக்குத்தத்த அட்டைகள் கொடுத்தார்கள், ஒரு அட்டைக்கு ஒரு வசனம். அன்போடு கொடுத்தார்கள், தலையணைக்கு அடியில் இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் எனக்கு ஓய்வு வந்தது ஒற்றை வசனத்தில் இல்லை, ஒரு சங்கீதத்தை முதலிலிருந்து கடைசிவரை, மெதுவாக, அதையே பத்து இரவு திரும்பத் திரும்ப வாசித்ததில்தான்.

நான்காம் சங்கீதம். எட்டே வசனம். நான்காவது வசனத்தில், "உங்கள் படுக்கையிலே உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்" என்று வருகிறது. எத்தனையோ முறை வாசித்த வசனம், படுக்கையில் கிடந்தபோதுதான் அது என்னிடம் பேசியது. எழுந்து முழங்கால் போட வேண்டாம், சத்தம் போட்டு ஜெபிக்க வேண்டாம், இருக்கிற இடத்திலேயே உள்ளுக்குள் பேசு என்கிறது. அந்த வசனத்தின் முடிவில் சேலா என்று இருக்கும். சங்கீதங்களில் 71 இடங்களில் வருகிற சொல், பாட்டை நிறுத்தி அமர்கிற குறி என்றுதான் பலர் சொல்கிறார்கள். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். சேலா வந்தால் புத்தகத்தை வயிற்றுக்குப் பக்கத்தில் மெத்தையில் சாய்த்துவிட்டு, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, மனதில் இருப்பதை ஆண்டவரிடம் சொல்வேன். அத்தை குடம் தூக்குவதைச் சொல்வேன். வாங்கின கடனைச் சொல்வேன். இனி நான் முழுப் பெண்ணா என்ற பயத்தையும் சொன்னேன், அதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. அப்புறம் மறுபடி புத்தகம். கடைசி வசனம், "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்". சில இரவுகள் அந்த வரிக்கு வருவதற்கு முன்பே தூங்கிவிட்டேன், விளக்கை மகள் வந்து அணைத்திருக்கிறாள்.

தூக்கம் வராத இரவுகளும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். அப்போது ஆறாம் சங்கீதம், "இராமுழுவதும் என் கண்ணீரால் என் படுக்கையை மிகவும் ஈரமாக்கி" என்று ஒருவன் எனக்கு முன்பே சொல்லி வைத்திருக்கிறான். எண்பத்தெட்டாம் சங்கீதம் இன்னும் மோசம், ஆறுதலான ஒரு முடிவுகூட இல்லாமல் முடிகிறது. அப்படி ஒரு ஜெபம் வேதத்துக்குள்ளேயே இருப்பது எனக்குப் பெரிய தைரியம்.

பழைய மொழிபெயர்ப்பு வாங்கலாமா புதியது வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் சபைகளில் வாசிப்பது 1871இல் வந்த மொழிபெயர்ப்பு. அதற்கு முன்னால் 1715இலேயே தரங்கம்பாடியில் சீகன்பால்க் என்ற ஜெர்மன் மிஷனரி தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுவிட்டார், அப்புறம் பப்ரிசியுஸ் என்ற இன்னொரு ஜெர்மன் மிஷனரி இங்கே வேப்பேரியில் இருந்துகொண்டு பல வருடம் மொழிபெயர்த்தார், அந்த வழியில் வந்த தமிழ்தான் நம் கையில் இருக்கிறது. வடசொல் அதிகம், பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தை மகள் எனக்கு வாசித்துக் காட்டியபோது பாதியில் நிறுத்தி, "பெரும்பாடுன்னா என்னம்மா?" என்று கேட்டாள். நான் சொல்லத் தயங்கினேன். அடுப்படியிலிருந்து அத்தைதான் பதில் சொன்னார், "உங்கம்மாவுக்கு இருந்துச்சே, அதுதான். எங்க காலத்துல அப்படித்தான் சொல்வோம்." பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள ஸ்திரீ, அநேக வைத்தியர்களிடம் போய்க் கையில் இருந்ததையெல்லாம் செலவழித்தவள். மூன்று வருடம் நான் துணியை மறைத்து மறைத்துத் துவைத்தேன், பஸ்ஸில் உட்காரப் பயந்தேன், கோயிலில் கடைசி பெஞ்சில் இருந்தேன். அவளை இயேசு கூட்டத்துக்கு நடுவில் "மகளே" என்று கூப்பிடுகிறார். அந்த இடத்தில் மகள் குரலும் மாறிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா ராயப்பர் கோயிலுக்குப் போகிறவர் (ராயப்பர் என்றால் பேதுரு, ராயபுரத்துக்குப் பேர் கொடுத்தவர்). அவர் தன் வீட்டுத் திருவிவிலியத்தைக் கொண்டுவந்து கொடுத்தார், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் இரத்தப்போக்கு என்றே நேராக இருக்கிறது. தமிழ் தெளிவாக, தடுக்காமல் போகிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் முதல் தடவை வாசிப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மனப்பாடம் ஆகி, இருட்டில் புத்தகம் இல்லாமலேயே உதட்டில் வருவது எனக்குப் பழையதுதான்.

இரண்டிலும் மாறாத சொல் ஒன்று இருக்கிறது. மத்தேயு 11:28, பழையதில் "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்று வரும், புதியதில் "பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே", ஆனால் இரண்டிலும் அவர் தருவேன் என்று சொல்வது இளைப்பாறுதல். தையல் பிரிக்கப் போன அன்று நர்ஸ் அம்மா பார்த்துவிட்டு, "நல்லா ஆறியிருக்கு" என்றார். அன்றிரவு இந்த வசனத்துக்கு வந்தபோது அந்தச் சொல் காதில் விழுந்தது. புண் ஆறுகிறது, இளைப்பும் ஆறுகிறது. ஒரே ஆறுதல்தான். புண் ஒரு நாளில் ஆறாது, மேலே மூடின பிறகும் உள்ளே பல நாள் வேலை நடக்கும், அதைத் தொட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. என் மனதுக்கும் அப்படித்தான் ஆண்டவர் செய்தார் என்று நம்புகிறேன்.

இதையும் சொல்லியாக வேண்டும். ஜெபிக்க வந்த ஒருவர், விசுவாசம் இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று முழுவதும் மனசு குழம்பிப்போய் இருந்தேன். மறுநாள் எங்கள் சபை பாஸ்டர் அம்மா வந்தார். தலையில் கை வைத்து இரண்டே நிமிடம் ஜெபித்தார், அப்புறம் பெரிய வேதாகமத்தை மேசையில் விரித்து 1 இராஜாக்கள் 19ஐ வாசித்தார். எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய், போதும் கர்த்தாவே என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிடுகிறான். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்து சாப்பிடு என்கிறான், தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுக்கிறான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். "கர்த்தர் அடை கொடுத்தாரு, நீங்க மாத்திரை போடுங்க, சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியர்தான்" என்று சொல்லிவிட்டு, சிங்க்கில் கிடந்த பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. போன மாதம் ஹீமோகுளோபின் 11.

ஆக, ஒன்றுதான் வாங்க முடியும், வாங்கப்போவது படுத்திருக்கிறவருக்கு என்றால், புதிய ஏற்பாடும் சங்கீதமும் உள்ள சின்னதை வாங்குங்கள். முழு வேதாகமம் மேசைக்கு, அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. ஜிப் வைத்த உறை வேண்டாம், இரவில் அதைத் திறக்கிற சத்தத்துக்கே வீடு எழுந்துவிடும். பக்க அடையாள நாடா இரண்டாவது இருக்கிறதா என்று பாருங்கள், ஒன்று சங்கீதத்திலும் ஒன்று சுவிசேஷத்திலும் கிடக்கட்டும்.

போன ஞாயிறு ஆராதனைக்குப் பெரியதையே எடுத்துக்கொண்டு போனேன். தெருமுனை வரைக்கும் அத்தை பையை வாங்கப் பார்த்தார். நான்தான் தூக்கினேன்.