கொலோசியம் வாசல்ல டிக்கெட் வாங்காதீங்க: 110 யூரோ போன கதை

ரோம் போற பிளான் இருந்தா ரெண்டு நிமிஷம் ஒதுக்கி இதைப் படிச்சிடுங்க. போன மாசம் அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அங்கே இருக்கிற பழங்கால அரங்கமான கொலோசியத்தோட வாசல்ல 110 யூரோ குடுத்துட்டு, உள்ளே கால் வைக்காமலே திரும்பி வந்தோம்.

தப்பு எங்கிட்டதான் ஆரம்பிச்சது. ஹோட்டல், ரயில் எல்லாம் மூணு மாசம் முன்னாடியே போட்டவ, கொலோசியம் டிக்கெட்டை மட்டும் நேர்ல வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன். அதிகாரபூர்வ இணையதளத்துல டிக்கெட் 30 நாள் முன்னாடி திறக்கும். நுழையுற நேரத்தையும் அப்பவே எடுக்கணும். சீசன்ல மளமளன்னு தீர்ந்துடும். சாதாரண டிக்கெட் 18 யூரோ, பக்கத்துல பழைய ரோமோட இடிபாடுகள் இருக்கிற ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அதுலயே சேர்த்தி.

மெட்ரோவை விட்டு வெளியே வந்தா நேர் எதிர்ல கொலோசியம். அம்மா அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்னுட்டாங்க. அதுக்குன்னே காத்திருந்த மாதிரி ஒருத்தன் வந்தான். கையில டேப்லெட், கழுத்துல அட்டை, வாய் நிறைய "நமஸ்தே மம்மா". அந்த அட்டையில கொலோசியம் படமும் 'டூரிஸ்ட் இன்ஃபர்மேஷன்'ங்கிற எழுத்தும்தான் இருந்தது. பேர் இல்லை, நம்பர் இல்லை. இதெல்லாம் ராத்திரி ஹோட்டல்ல படுத்து யோசிக்கும்போதுதான் உறைச்சது.

டேப்லெட்ல நிஜமான இணையதளத்தையே திறந்து காட்டினான். அன்னைக்கு ஒரு நேரம்கூட பாக்கி இல்லை. நானும் என் போன்ல பார்த்தேன், அதேதான். அவன் சொன்னதுல அது ஒண்ணுதான் உண்மை. ஆனா அந்த ஒரு உண்மையில மத்ததையெல்லாம் நம்பிட்டேன். ஆளுக்கு 55 யூரோ, க்யூவே கிடையாது, கைடும் உண்டுன்னான்.

"நம்மூர் ஸ்பெஷல் தரிசனம் மாதிரிதானே கண்ணு, குடுத்துடு"ன்னாங்க அம்மா. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. கார்டு மெஷின் வேலை செய்யலைன்னு கேஷா வாங்கிக்கிட்டான். தோள்ல ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டி, ரெண்டு பேப்பரைக் குடுத்து, பக்கத்துச் சந்துல நிக்க வெச்சான். முக்கால் மணி நேர வெயிலுக்கு அப்புறம், "கைடு உள்ளே இருக்கார், நீங்க கேட்டுக்குப் போங்க"ன்னு அனுப்பிட்டான்.

க்யூ இல்லைங்கிறதே பொய். பையை ஸ்கேன் பண்ற செக்யூரிட்டி வரிசையில எல்லாரும்தான் நிக்கணும், அதை யாராலும் தாண்ட வைக்க முடியாது. அதைக் கடந்து போனா, கேட்டுல இருந்த அம்மணி பாஸ்போர்ட் கேட்டாங்க. 2023 அக்டோபர்ல இருந்து டிக்கெட்ல பேர் போட்டுத்தான் குடுக்கிறாங்க. எங்க பேப்பர்ல யாரோ ரெண்டு பேரோட பேர். கீழே 18 யூரோன்னு விலையும் அச்சாகியிருக்கு. அந்தம்மா பேப்பர்ல இருந்த பேர்ல விரலை வெச்சு, அப்புறம் என் பாஸ்போர்ட்ல வெச்சு, உதட்டைப் பிதுக்கினாங்க. கோபமில்லை, தினம் பத்து பேரைப் பார்க்கிற சலிப்பு. பின்னாடி வரிசை நெருக்குது. அம்மா என் முந்தானையைப் பிடிச்சு, "என்னடி சொல்றா?"ன்னு கேட்கிறாங்க.

சந்துக்கு ஓடினா அவன் இல்லை. போலீஸ் வண்டி நின்னுக்கிட்டுதான் இருந்தது. ரசீதும் இல்லை, ஆள் பேரும் தெரியாது, போய் என்ன சொல்றது? கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல சண்டையாவது போட்டிருக்கலாம்.

டிக்கெட் ஏன் இப்படித் தீருதுன்னு அப்புறம் தேடிப் படிச்சேன். தானாவே டிக்கெட் எடுக்கிற 'பாட்' மென்பொருள் வெச்சு மொத்தமா அள்ளிடறாங்களாம். இத்தாலியோட போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2025-ல டிக்கெட் வித்த நிறுவனத்துக்கும் ஆறு டூர் கம்பெனிகளுக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 2 கோடி யூரோ அபராதம் போட்டிருக்கு. கி.பி. 80-ல ரோமப் பேரரசர் டைட்டஸ் கொலோசியத்தைத் திறந்து வெச்சப்போ ஜனங்களுக்கு அனுமதி இலவசம்!

வெளியே வந்ததும் சிவப்புக் குஞ்சம் வெச்ச கிளாடியேட்டர் (அந்தக் காலத்து அரங்கச் சண்டை வீரன்) வேஷக்காரன் அம்மா கையில பிளாஸ்டிக் கத்தியைத் திணிச்சான். போட்டோ எடுத்துட்டா காசு கேட்டு விடமாட்டாங்க. ரோம் மாநகராட்சி 2015-லயே தடை போட்டும் நிக்கறாங்க. அம்மா இருந்த கோபத்துக்கு, "போடா அந்தாண்டை"ன்னு கத்தியைத் திருப்பிக் குடுத்த வேகத்துல அவனே பின்வாங்கிட்டான்.

மறுநாள் வாடிகன்ல செயின்ட் பீட்டர்ஸ் பசிலிக்கா தேவாலய வாசல்லயும் இதே பேச்சு, 30 யூரோன்னு. பசிலிக்காவுக்குள்ளே போக டிக்கெட்டே கிடையாது, குவிமாடம் ஏறத்தான் காசு. ஒண்ணரை மணி நேரம் நின்னு சும்மாவே போனோம். மைக்கேலாஞ்சலோவோட பியட்டா சிலை, 1972-ல ஒருத்தன் சுத்தியலால அடிச்சதுக்கப்புறம், கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கு. மகனை மடியில போட்டுக்கிட்டிருக்கிற அந்தத் தாயை விட்டு அம்மா ரொம்ப நேரம் நகரலை.

இன்னொண்ணு, கொலோசியம் மாசத்தோட முதல் ஞாயிறு இலவசம். அந்த டிக்கெட் ஆன்லைன்ல கிடைக்காது, அன்னைக்கே அங்கே போய் வாங்கணும், கூட்டம் அள்ளும். நாங்க ஊருக்கு ஃப்ளைட் ஏறினது அதுக்கு முந்தின நாள் சனிக்கிழமை.