மெய்நிகர் உலகில் படித்த அனுபவம்: விரிவுரைக்கு வேண்டாம், பயிற்சிக்கு வேண்டும்

முதுகலையில் சில பாடங்களை மெய்நிகர் உலகத்துக்குள் படித்தேன்; அதாவது கணினித் திரையில் தெரியும் முப்பரிமாண உலகத்தில், நம் சார்பாக நடமாடும் ஒரு உருவத்தை (அவதார்) இயக்கியபடி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விரிவுரை கேட்க இதைவிட மோசமான இடம் கிடையாது. பிரமாண்டமான அரங்கம், வரிசையாக நாற்காலிகள், எதிரே ஸ்லைடு திரை. உடம்பே இல்லாத இடத்தில் நாற்காலி எதற்கு? கேமராவைத் திருப்பித் திருப்பி ஒரு ஸ்லைடைப் படித்து முடிப்பதற்குள் பேராசிரியர் அடுத்ததற்குப் போயிருப்பார். பிடிஎஃப் அனுப்பியிருந்தால் போதும்.

நாங்கள் பயன்படுத்தியது ஓப்பன்சிமுலேட்டர். 2003இல் லிண்டன் லேப் நிறுவனம் வெளியிட்ட செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகம் மாதிரியே இருக்கும், ஆனால் திறந்த மூல மென்பொருள். ஃபயர்ஸ்டார்ம் என்ற செயலி வழியாக இரண்டுக்குள்ளும் நுழையலாம். ஹெட்செட் தேவையில்லை, மடிக்கணினி போதும். பழைய கணினி என்றால் நிழல்களை நிறுத்திவிட்டு, பார்வைத் தூரத்தை (எவ்வளவு தொலைவு வரை காட்சி தெரியும் என்பதை) 64 மீட்டருக்குக் குறைத்துவிடுங்கள். மின்விசிறியின் இரைச்சலாவது அடங்கும்.

என் கருத்தை மாற்றியது பேரிடர் மேலாண்மைப் பாடம். மூன்று மாடி மருத்துவமனை ஒன்றில் புகை பரவுகிறது, நோயாளிகளை வெளியேற்ற வேண்டும். பேச்சு வசதி கிடையாது, தட்டச்சு மட்டும்தான். சாதாரணமாக எழுதினால் 20 மீட்டருக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்; ‘கத்தல்’ முறையில் எழுதினால் 100 மீட்டர்; ‘கிசுகிசு’ முறையில் 10. எல்லோரும் கத்த ஆரம்பித்ததும் திரை முழுக்க எழுத்து ஓடியது, எது உத்தரவு, எது புலம்பல் என்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் ஒவ்வொரு மாடிக்கும் ஒருவரைத் தூதராக நிறுத்தி, அவர் மட்டுமே கத்தலாம் என்று நாங்களே விதி வைத்தோம். தகவல் தொடர்புச் சங்கிலி பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயமே உண்டு. அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. (முதல் சுற்றில் ஒருவர் நோயாளியை விட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பறந்து தப்பித்தார். அடுத்த சுற்றுக்குள் பேராசிரியர் பறக்கும் வசதியை முடக்கிவிட்டார்.)

அந்தப் பயிற்சியை முன்னின்று நடத்தியவர், நேர் வகுப்பில் வாயே திறக்காத ஒரு தோழி. அவதாரின் தோற்றம் அதை இயக்குபவரின் நடத்தையை மாற்றும் என்று நிக் யீயும் ஜெரமி பெய்லன்சனும் 2007இல் எழுதினார்கள். உயரமான அவதார் கிடைத்தவர்கள் பேரத்தில் விட்டுக்கொடுக்காமல் நின்றார்களாம். தோழியிடம் இதைச் சொன்னேன். "உயரமெல்லாம் இல்லப்பா, யோசிச்சு டைப் பண்ண நேரம் கிடைச்சுது, அவ்வளவுதான்" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

மாணவர்களிடையே அதிகம் கேட்ட குறை மதிப்பெண் பற்றியது. உள்ளே மணிக்கணக்கில் கட்டினோம், ஓடினோம். மதிப்பெண்ணோ கடைசியில் கொடுத்த அறிக்கைக்கு மட்டும். உள்ளே செய்த வேலையை எப்படி மதிப்பிடுவது என்று பாடத்திட்டம் எழுதியவர்கள் யோசிக்கவே இல்லை. இப்படி ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, தளம் எத்தனை நாள் இருக்கும் என்பது. செகண்ட் லைஃப் கல்வி நிறுவனங்களுக்கான சலுகை விலையை 2011இல் நிறுத்தியது, 2013இல் திரும்பக் கொடுத்தது. மொசில்லா நிறுவனம் நடத்திய ஹப்ஸ் என்ற மெய்நிகர் தளம் 2024 மே மாதத்தோடு மூடப்பட்டது. ஓப்பன்சிமுலேட்டரில் ஒரு நிலப்பகுதி முழுவதையும் ஓஏஆர் கோப்பாகச் சேமிக்கலாம். எங்கள் மருத்துவமனையை அப்படித்தான் எடுத்து வைத்தோம். அடுத்த அணி மாணவர்கள் அதை ஏற்றி, மாடிப்படியை இன்னும் குறுகலாக்கிப் பயிற்சி செய்தார்கள்.