பிரெய்ல் ஸ்லேட்: ஒன்று போதாது, இரண்டாக வாங்குங்கள்

என் நான்காம் வகுப்பில் பார்வையில்லாத மாணவி ஒருத்தி படிக்கிறாள். அவளுக்கு வாங்கிய பிளாஸ்டிக் பிரெய்ல் ஸ்லேட் (ஆறு புள்ளிகளால் ஆன, விரலால் தடவி வாசிக்கும் பிரெய்ல் எழுத்தை எழுதும் பலகை) நன்றாக உழைக்கிறது. தாளைச் செருகி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பினால் எழும்பி நிற்கும் புள்ளிகளை இடமிருந்து வலமாக வாசிக்கலாம். ஊசியின் பிடி அவள் கைக்குக் கச்சிதம். நோட்டுத் தாள் மட்டும் வேண்டாம், கிழிந்துவிடும். கெட்டித் தாள்தான் சரி.

அப்புறம், இரண்டாவது ஸ்லேட் அவசியம். பக்கத்துப் பிள்ளைகளும் அந்த ஆறு புள்ளிகளைக் கற்றுக்கொண்டு அவளுக்குச் சீட்டு எழுதுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். அவள் குத்தி எழுதி முடிக்கட்டும் என்று டிக்டேஷனை இப்போது மொத்த வகுப்புக்குமே நிதானமாகச் சொல்கிறேன்.

பெற்றோர் காசு கொடுக்குமுன் பள்ளியில் கேளுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்புள்ள மாணவர்களுக்கு 18 வயதுவரை இத்தகைய கருவிகளை இலவசமாகத் தர வேண்டும்.