விண்வெளி நிலையத்தைப் படமெடுக்க: ஆல்ட்-அசிமத்தா, ஈக்குவடோரியலா?

சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேலே போகும்போது நொடிக்கு ஏறக்குறைய 1.1 பாகை நகரும். தொலைநோக்கியின் தாங்கியும் அதே வேகத்தில் துரத்த வேண்டும்.

ஆல்ட்-அசிமத் என்பது மேல்-கீழாகவும் இட-வலமாகவும் திரும்பும் தாங்கி. அதை மட்டம் பார்த்து நிறுத்தி, இரண்டு நட்சத்திரங்களை அடையாளம் காட்டினால் தயார். சிக்கல் உச்சியில்தான். நிலையம் 85 பாகை உயரத்தைத் தொடும்போது இட-வலமாகத் திருப்பும் அச்சு நொடிக்கு 12 பாகைக்கு மேல் சுழல வேண்டும். 4 பாகையே தாங்கும் மோட்டார் அங்கே பின்தங்கிவிடும். நிலையம் மிக அருகில், மிகப் பெரிதாகத் தெரியும் கணமும் அதுவே! உச்ச உயரம் 65–70 பாகையாக உள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள்.

ஈக்குவடோரியல் என்பது ஓர் அச்சை வான்துருவத்தை (நட்சத்திரங்கள் சுற்றுவதுபோல் தோன்றும் மையப்புள்ளி) நோக்கி வைக்கும் தாங்கி. அதற்கு இந்தச் சிக்கல் வான்துருவத்தருகே வரும். சென்னையில் துருவம் வெறும் 13 பாகை உயரத்தில் இருப்பதால் உச்சிவானம் தப்பிக்கிறது. நம் ஊருக்கு இதுவே மேல். ஆனால் துருவச் சீரமைப்பு, அதாவது அந்த அச்சைத் துருவத்துக்குச் சரியாகத் திருப்பி வைப்பது, தேவை. உச்சிவட்டத்தை (வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்கே செல்லும் கோடு) தாண்டும்போது தாங்கி மறுபக்கம் புரளத் தொடங்கினால் படம் போச்சு. மென்பொருளில் தாங்கி புரளத் தொடங்கும் எல்லையைத் தளர்த்துங்கள்; அதற்கு முன் குழாய் முக்காலியில் இடிக்கிறதா என்று கையால் சுழற்றிப் பாருங்கள்.

இரண்டிலும் கணினிக் கடிகாரம் முக்கியம். ஒரு நொடி பிசகினால் குறி 1.1 பாகை விலகும், 2000 மி.மீ. குவியத்தூரத்தில் 11 மி.மீ. அகல சென்சார் காண்பதோ 0.3 பாகைதான். சுற்றுப்பாதைத் தரவை அன்றன்றே இறக்குங்கள்.