அலியன் 260: பழைய 240ஐ ஓட்டியவனின் நீண்டகாலப் பாவனை அனுபவம்

திருகோணமலையில் கார் வைத்திருப்பவனுக்கு முதல் கணக்கு தூரம்தான். கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் போவதென்றால் ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்குப் போய் ஏ9 ஏற வேண்டும். கண்டிக்கு ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை. அம்மாவின் கிளினிக், கட்டுநாயக்கவுக்கு ஆள் ஏற்றப் போவது, நல்லூர்த் திருவிழா, கலியாண வீடு எல்லாமே முழுநாள் ஓட்டம். விற்பவரின் வீட்டு ஒழுங்கையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து ஒரு காரைப் பற்றி முடிவு சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான். நாலாவது மணித்தியாலத்தில் முதுகும் காதும் என்ன சொல்கின்றன என்பதுதான் எனக்கு முக்கியம்.

எங்கள் வீட்டில் முதலில் நின்றது டொயோட்டா அலியன் 240. 2001இல் கரினாவின் இடத்துக்கு வந்த தலைமுறை. பிறகு 2007இல் அறிமுகமான அடுத்த தலைமுறைக்கு, அதாவது 260க்கு மாறினேன். என்னிடம் இருப்பது 2010இல் முகம் மாற்றிய பிறகு வந்த கார். இரண்டும் 1500 சிசி பெற்றோல், இரண்டும் ஓட்டோ கியர். பழைய 240 இப்போது நிலாவெளியில் மச்சானிடம் நிற்கிறது, விசேஷ நாட்களில் சாவியை மாற்றிக்கொள்வோம். ஆகவே இந்த ஒப்பீட்டை ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதவில்லை.

‘புது ஷேப்’ என்று சனம் சொல்லும்போது எல்லாமே புதிது என்ற எண்ணம் வந்துவிடும். உண்மையில் முக்கியமான பல விசயங்கள் மாறவில்லை. இஞ்சின் அதே 1496 சிசி 1என்இசட்-எஃப்இ, வலு கிட்டத்தட்ட 110 குதிரைவலு, ரைமிங் செயின். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைப்பட்ட தூரம் இரண்டிலும் 2700 மில்லிமீற்றர். அகலமும் அதே 1695. ஜப்பானில் 1700 மில்லிமீற்றரைத் தாண்டினால் கார் பெரிய வகுப்புக்குப் போய்விடும் என்பதால் அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்றிருக்கிறார்கள். அந்த ஐந்து மில்லிமீற்றர் மிச்சம் எங்களுக்கும் நல்லதாகத்தான் போயிற்று. மாலையில் மரக்கறிச் சந்தைப் பக்கம் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் இரண்டு பக்கமும் நிற்கும்போது, உள்ளே விசாலமாகவும் வெளியே ஒடுக்கமாகவும் இருக்கிற கார் பெரிய நிம்மதி.

பெரிய மாற்றம் கியர் பொக்ஸ். 240இல் நாலு கியர் ஓட்டோ, 260இல் சிவிடி. படி படியாக மாறுகிற கியர் இல்லாமல், பெல்ட் ஒன்று இரண்டு கப்பிகளுக்கு நடுவில் ஏறி இறங்கி விகிதத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். ஊருக்குள் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தெரியத் தொடங்குவது கந்தளாய் தாண்டி ஏ6 வீதியில். மணிக்கு எண்பதில் ஒரே சீராகப் போகும்போது 240இன் இஞ்சின் சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கும், 260இல் ரயர் சத்தம்தான் கேட்கும். 2022இல் திறந்த மீரிகம - குருநாகல் அதிவேகப் பாதையில் நூறில் போனால் 260இன் இஞ்சின் இரண்டாயிரம் சுற்றை ஒட்டித்தான் ஓடுகிறது. பழைய காரில் அதே வேகத்துக்கு இஞ்சின் நன்றாக உழைப்பது காலடியிலேயே தெரியும்.

ஆனால் முந்துவதற்குப் புதுப் பழக்கம் வேண்டும். கல்ஓயாச் சந்திக்கு முன்னால் நெல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்றின் பின்னால் போகிறோம் என்று வையுங்கள். எதிரே வீதி வெறுமை. 240இல் அக்சிலேற்றரை ஊன்றினால் ஒரு கியர் கீழே இறங்கி, சின்னக் குலுக்கலோடு கார் பாயும். 260இல் ஊன்றியதும் முதலில் சத்தம்தான் ஏறும், மீற்றர் முள்ளு நாலாயிரத்தைத் தாண்டும், ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் வேகம் வரும். வருகிற வேகம் குறைவில்லை, வரும் விதம்தான் வேறு. ஆகவே இந்தக் காரில் முந்த நினைத்தால் லொறியை ஒட்டிப் போய் நிற்காமல், கொஞ்சம் பின்னால் இருந்தே வேகத்தைச் சேர்த்துக்கொண்டு வெளியே எடுக்க வேண்டும். அந்த இடம் யானை கடக்கும் வீதி. மசண்டைக்குப் பிறகு நான் அங்கே யாரையும் முந்துவதில்லை, நீங்களும் முந்தாதீர்கள்.

அடுத்தது, குடும்பத்துக்காக இந்தக் காரை வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம்: பின் சீற். அம்மாவுக்கு முழங்கால் மடக்கினால் நோகும். கொழும்பில் கிளினிக் முடித்துத் திரும்பும்போது குருநாகலுக்கு முன்னாலேயே அவ கால் நீட்ட இடம் தேடுவா. அலியனில் பின் சீற்றின் சாய்மனை பின்னுக்குச் சாயும், இடதும் வலதும் தனித்தனியாக. முன் சீற்றை இரண்டு இழுவை முன்னுக்குத் தள்ளி, பின் சாய்மனையைச் சாய்த்துவிட்டால் காலை நேராக நீட்டிக்கொண்டு தம்புள்ளை வரை நித்திரை. பக்கத்தில் இருக்கிற பேரப்பிள்ளையின் சீற் நிமிர்ந்தபடியே இருக்கும், அவன் புத்தகம் பார்த்துக்கொண்டு வருவான். அந்த வசதி 240இலும் இருந்தது, இடமும் ஏறக்குறைய அதே அளவு. 260இல் கூடியது சீற்றின் பஞ்சும், கதவை மூடினால் வெளிச் சத்தம் அடங்குவதும். அம்மாவிடம் எது நல்லது என்று கேட்டால் யோசிக்காமல் புதியதைக் காட்டுவா. அவ சொல்லும் காரணம், பழைய காரில் வந்து இறங்கினால் வீட்டுக்குள்ளும் காது இரைகிறதாம், இதில் அப்படி இல்லையாம்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனல் வீசும்போது ஏசியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. உவர்மலையில் பகல் முழுக்க வெயிலில் நின்ற காரை எடுத்தால், முன்னால் இருப்பவருக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் குளிர் வந்துவிடும், பின்னால் போய்ச் சேர நேரம் எடுக்கும், ஏனென்றால் பின்னுக்குத் தனிக் காற்று வாசல் இல்லை. முன்னால் உள்ள நடு வாசல்கள் இரண்டையும் மேல்நோக்கித் திருப்பி, முதல் சில நிமிடம் விசிறியைக் கூட்டி விடுவதுதான் நான் செய்வது. குடும்பக் கார் என்று வடிவமைத்துவிட்டு இதை விட்டிருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

புதிய வடிவத்தில் பின்னுக்குப் போனதும் உண்டு. முன் கண்ணாடியின் இரு பக்கத் தூண்களும் 240ஐ விடத் தடிப்பமாகத் தெரிகின்றன. சந்தியில் வலப்பக்கம் திரும்பும்போது ஒரு சைக்கிள்காரர் முழுதாக அந்தத் தூணுக்குள் மறைந்துவிடுவார். நான் தலையை முன்னுக்கும் பின்னுக்கும் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்புகிறேன். பழைய காரில் பொனட்டின் நுனி வரை தெரியும், இதில் அது கீழே சரிந்து போகிறது. முன் பம்பரும் பதிவு. குச்சவெளிப் பக்கம் உள்வீதிகளில், மழைக்குப் பிறகு மண் அரித்த இடங்களில், சரிவாக எடுத்தால்தான் தட்டாது. ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் என்றால் பின்பக்கம் நன்றாகப் பதிந்துவிடும், பின்னால் இருப்பது இரண்டு காரிலும் சாதாரண பீம் அச்சுத்தான். பிரட்றிக் கோட்டைக்குள் கோணேசர் கோயில் பக்கம் ஏறும்போது ஆள் நிறைந்த காரை 260 திணறாமல் ஏற்றுகிறது, இறங்கும்போது மட்டும் கியரைக் கீழே போட்டுக்கொண்டு வந்தால் பிரேக் சூடாகாது. மான்கள் குறுக்கே நிற்கும் இடம், அவசரப்பட வேலையும் இல்லை.

பராமரிப்பில் 240 லேசான கார். அதன் கியர் பொக்ஸ் பழைய முறை, திருகோணமலையில் எந்தக் கராஜிலும் கை வைப்பார்கள். சிவிடி அப்படி விட்டுக்கொடுக்காது. எனக்குக் கார் பார்க்கும் கிண்ணியா மெக்கானிக் நானா முதல் நாளே சொன்னது: “தம்பி, இஞ்சின் ஒயில் ஒரு கிழமை பிந்தினாலும் பரவாயில்ல. இதுக்குரிய சிவிடி ஒயில் தவிர வேற எதையும் ஊத்தக் குடுக்காதீங்க. சாதா கியர் ஒயில் பட்டா பெல்ட் வழுக்கத் தொடங்கிரும்.” ஒயில் மாற்றும்போது அடித் தட்டைக் கழற்றி, உள்ளே இருந்த காந்தத்தை எடுத்து என் கையில் தந்தார். மெல்லிய, மை போன்ற கறுப்புப் பசை ஒட்டியிருந்தது. விரலில் தேய்த்தால் வழுவழுப்பு மட்டும்தான். “இப்பிடி மாவா இருந்தாச் சுகம், கையில முள்ளுக் குத்தினாத்தான் பயப்படணும்” என்றார். பாவித்த 260 வாங்க நினைப்பவர்கள் விலை பேசுவதற்கு முன் இந்தத் தட்டைக் கழற்றிப் பார்க்கச் சம்மதம் கேளுங்கள்.

பெற்றோல் கணக்கு. ஊருக்குள் ஏசியோடு லீற்றருக்கு ஒன்பது, பத்து கிலோமீற்றர். நீண்ட ஓட்டத்தில் பதினாலைத் தொடும், கால் மென்மையாக இருந்தால் பதினைந்து. 240 இரண்டிலும் ஒன்றிரண்டு குறைவு. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது கார்களுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். அந்த அளவில் இந்தக் கார் கொழும்புக்குப் போய்ச் சேரும், திரும்பி வராது. தாங்கி 60 லீற்றர் கொள்ளும் என்பதால் மிச்சம் பிடித்துப் பிடித்து ஒரு கிளினிக் பயணத்துக்குச் சேர்த்தோம். அந்த மாதங்களில் ஹைபிரிட் வைத்திருந்தவர்களைப் பார்த்து எனக்கு உண்மையாகவே ஏக்கமாக இருந்தது.

அதனால் போட்டிக் கார்களையும் சொல்ல வேண்டும். ஹைபிரிட்டில் முதலில் வருவது 2014 கடைசியில் வெளிவந்த ஹொண்டா கிரேஸ். மச்சானின் தம்பி வைத்திருக்கிறான், லீற்றருக்கு இருபதை நெருங்குகிறது. பின்னால் கால் வைக்க இடமும் தாராளம், முந்தும்போது மோட்டார் உதவுவதால் பாய்ச்சலும் நல்லது. ஏழு கியர் இரட்டைக் கிளச் பொக்ஸ் நெரிசலில் ஊர்ந்து போகும்போது அலியன் அளவுக்கு மென்மை இல்லை. பற்றறி பழசானால் வரும் செலவை வாங்கும் விலையோடு சேர்த்தே யோசிக்க வேண்டும், அதுவும் எங்கள் வெயிலில். ஊருக்குள்ளேயே தினமும் நிறைய ஓடுபவர் என்றால் கிரேஸை எடுக்கச் சொல்வேன்.

டொயோட்டா அக்சியோ 141இல் அலியனின் அதே இஞ்சின், பாரம் குறைவு. அதனால் ஊருக்குள் துடிப்பு, ஒடுங்கிய இடத்தில் திருப்புவது சுகம், உதிரிச் சாமான் எங்கும் கிடைக்கும். ஆனால் சில்லுகளுக்கு இடைத்தூரம் 2600, நூறு மில்லிமீற்றர் குறைவு. அந்த நூறும் பின் சீற்றில் இருப்பவரின் முழங்காலுக்குத்தான் குறைகிறது. நிசான் சில்பி ஜி11 இடவசதியில் அலியனுக்கு ஈடு, 2700தான், சீற்றும் மெத்தென்று. சாமான் தேடுவது மட்டும் அலியன் அளவு சுலபம் இல்லை. பிரிமியோ, அலியனின் கூடப்பிறந்த கார். முகமும் பின்பக்கமும் உள் அலங்காரமும் வேறு, இயந்திரம் ஒன்று. அதற்காக விற்பவர்கள் கூட்டிக் கேட்கும் பணத்தை நான் கொடுக்க மாட்டேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் தீர்ப்பு: மாதத்தில் ஒரு தடவையாவது ஹபரணை தாண்டுகிற குடும்பம் என்றால் 240இலிருந்து 260க்கு மாறுவது பணத்துக்குப் பெறுமதி. பாடசாலை, கடை, கோயில், உப்புவெளிக் கடற்கரை என்று ஓடுபவருக்கு நல்ல நிலையில் கிடைக்கும் 240 போதும், தூணும் மறைக்காது, கியர் பொக்ஸுக்கும் பயம் இல்லை. இரண்டையும் சமம் என்று நான் சொல்ல மாட்டேன், ஓட்டம் வேறு என்றால் தேர்வும் வேறு.

வானொலி ஒரு சின்ன விசயம், ஆனால் புதிதாக வாங்குபவர்களைத் தொந்தரவு செய்யும். ஜப்பானிய செற் 76இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், எங்கள் சூரியனும் சக்தியும் அதற்கு மேலே. அலைவரிசை மாற்றி ஒன்று பூட்டலாம், நான் செற்றையே மாற்றிவிட்டேன்.

2020 பங்குனியில் வாகன இறக்குமதி நின்று, 2025 மாசியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது. அலியன் தயாரிப்பு 2021 பங்குனியோடு முடிந்துவிட்டதால், இனிக் கைக்கு வருவதெல்லாம் ஓடிய கார்தான். எங்கள் கடற்கரையில் ஓடிய காரென்றால் மேல் பெயின்ற் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். லிஃப்ற்றில் ஏற்றச் சொல்லுங்கள். சைலன்ஸர் பொருத்துகள், பிரேக் குழாய்கள், பின் சில்லு வளைவுக்குள் இருக்கும் மடிப்பு, கதவின் அடி ஓரம், இந்த நாலு இடத்திலும்தான் உப்பு முதலில் தின்னும். முன் கிறிலுக்குப் பின்னால் ஏசி கொண்டென்சரின் மெல்லிய தகடுகளை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், உதிர்ந்தால் அந்தச் செலவை விலையில் கழிக்கக் கேளுங்கள். நான் கிழமைக்கு ஒரு முறை அடியையும் கொண்டென்சரையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுகிறேன், குழாயின் வேகத்தைக் குறைத்து, தகடு வளையாதபடி.